பொங்கல் சோற்றை நண்பர் மறுத்தால் அது நம் சாமியை மறுப்பதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பெருந்துறைப் பக்கம் நீங்களும் உங்கள் நண்பரும் பத்து ஆண்டுகளாகக் கூட்டாக லேத் பட்டறை நடத்துகிறீர்கள். நண்பர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெப சபையில் சேர்ந்து கிறிஸ்தவரானார். இந்த ஆண்டு உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அவரை வீட்டுக்கு அழைத்து, பொங்கல் சோற்றையும் மாவிளக்கு மாவையும் இலையில் வைத்தபோது, "தப்பா எடுத்துக்காதீங்க, சாமிக்குப் படைச்சதை இப்ப நான் சாப்பிடறதில்லைங்க" என்று கைகூப்பிவிட்டார். நீங்கள் வேளாங்கண்ணிக்கும் போனவர், நாகூருக்கும் போனவர், எல்லாச் சாமியும் ஒன்று என்று நினைப்பவர். தன் மதம் மட்டும்தான் உண்மை என்று நினைக்கிற ஒருவர் உங்களை எப்படி மதிக்க முடியும் என்று கேட்கிறீர்கள். அப்புறம், ஆயுத பூஜை வருகிறது, பட்டறையில் என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள்.

பட்டறைக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியில் சோற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இதுதான்: ஒரு நம்பிக்கையில் உறுதியாக இருப்பவர், அதை ஏற்காத இன்னொருவரை மனதார மதிப்பது நடக்கிற காரியமா? நடக்கும் என்பது என் பதில். அதோடு, எல்லாம் ஒன்று என்று சொல்பவர்தான் அதிகம் மதிப்பவர் என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. நான் கல்லூரியில் மெய்யியலும் சமயங்களின் ஒப்பீடும் நடத்தியவன். இப்போது ஈரோட்டில் சைவ சித்தாந்த வகுப்பு எடுக்கிறேன். சிவதீட்சை பெற்றவன், என் சமயம் உண்மை என்று நம்புகிறவன். எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம் கொங்கு நாட்டு ஊர் வழிபாட்டில் எது உண்மை, எது பொய் என்ற வழக்கே பெரும்பாலும் எழுவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலதெய்வம், அதற்கென்று ஒரு காணி ஊர். உங்கள் மாமன் வீட்டுத் தெய்வம் வேறு, உங்களுடையது வேறு. கல்யாணமாகிப் போகும் பெண் புகுந்த வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடத் தொடங்குகிறாள். அதனால் பிறந்த வீட்டுத் தெய்வம் பொய்யாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அண்ணமார் சாமியைக் கும்பிடுகிறவர், பண்ணாரியில் குண்டம் இறங்குகிறவர், பழனிக்குக் காவடி எடுக்கிறவர் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இங்கே சாமி மண்ணோடும் உறவோடும் சேர்ந்தது. வேளாங்கண்ணியும் நாகூரும் இந்த வரிசையில் இன்னொரு சக்தியுள்ள இடமாக எளிதாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் பெரிய மனசு இங்கிருந்துதான் வந்தது. அது பொய்யான மனசு இல்லை. நான் வளர்ந்ததும் அதற்குள்தான்.

உங்கள் நண்பர் ஏற்றுக்கொண்ட சமயத்தின் அடிப்படை வேறு. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்பது அவர்களுடைய பத்துக் கட்டளைகளில் முதலாவது. அவரைப் பொறுத்தவரை இன்னொரு தெய்வத்தின் படையலை உண்பது ஒரு கூடுதல் மரியாதை ஆகாது, கொடுத்த வாக்கை மீறுவது. நீங்கள் உறவின் மொழியில் அழைத்தீர்கள், அவர் வாக்கின் மொழியில் பதில் சொன்னார். நீங்கள் கேட்டதோ "உன் சோறு எனக்கு வேண்டாம்" என்று. அவர் சொன்னது அது இல்லை என்று நான் நினைக்கிறேன்.

எல்லாச் சாமியும் ஒன்று என்ற உங்கள் வரியைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். நண்பர் உங்களிடம் வந்து, "உங்க மாரியாத்தாவும் எங்க இயேசுவோட ஒரு வடிவந்தாங்க, நீங்க தெரியாமலே அவரைத்தான் கும்பிடறீங்க" என்று அன்போடு சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு நன்றாக இருக்காது. நான் கும்பிடுவதை எடுத்து அவருடைய கணக்கில் வரவு வைத்தது போல இருக்கும். நாம் அவரிடம் "இயேசுவும் நம்ம சாமிதான், அதனாலே பொங்கலைச் சாப்பிடுங்க" என்று சொல்லும்போது செய்வதும் இதையேதான். எல்லாம் ஒன்று என்பதும் ஓர் உறுதியான நம்பிக்கை. அதை ஏற்காதவரை அதுவும் தவறென்றே சொல்கிறது. பெரும்பான்மையாக இருக்கும் நமக்கு அதைச் சொல்வதில் எந்த இழப்பும் இல்லை. ஊர் நம் ஊர், நோம்பி நம் நோம்பி. ஒரு சிறு சபையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அதே வரி, கரைந்துபோ என்று கேட்கும்.

சோற்று விஷயத்தில் அவர்களுடைய நூலே என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகரான பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 8, 10 அதிகாரங்கள் இதைப் பற்றியே பேசுகின்றன. கொரிந்துவிலும் இதே சிக்கல்தான்: கோவிலில் படைத்த இறைச்சி கடைத்தெருவில் விற்கும், நண்பர் வீட்டு விருந்தில் வரும். பவுல் சொல்வது என்னவென்றால், கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். நம்பிக்கை இல்லாதவர் விருந்துக்கு அழைத்து, போக விரும்பினால், போய் வைத்ததைச் சாப்பிடுங்கள். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை எண்ணிச் சாப்பிடாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்தது அட்சரம் பிசகாமல் மூன்றாவது நிலைமை. அது அம்மன் பொங்கல் என்று நீங்களே சொல்லித்தான் வைத்திருப்பீர்கள். சாதாரண நாளில் அவரைச் சாப்பிட அழைத்தால் வருவதற்கு இந்த நூல் தடை சொல்லவில்லை. கிறிஸ்தவர்களுக்குள்ளும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. எனக்குத் தெரிந்த கத்தோலிக்கர்களில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கண்டிப்பாக இருக்கிறார்கள். முஸ்லிம்களுக்கு அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது குர்ஆனிலேயே விலக்கப்பட்டிருக்கிறது. அதன் நுணுக்கங்களைப் பேச நான் படித்தவன் இல்லை, அதை ஓர் ஆலிமிடம், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

நம்மிடம் இந்த மறுப்பு கிடையாதா என்று யோசித்துப் பாருங்கள். குலதெய்வக் கோவிலில் கெடா வெட்டி விருந்து வைக்கிறோம். பேரூர் மடத்திலோ சிரவை மடத்திலோ தீட்சை வாங்கிச் சைவமான ஒரு மாமா வருகிறார், பந்தியில் உட்காராமல் ஓரமாகத் தயிர்ச்சோறு வாங்கிக்கொள்கிறார். சாமி கெடாவை மறுத்துவிட்டார் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. அவருக்குத் தனியாகச் சமைத்து வைப்பதைப் பெருமையாகக் கூடச் செய்கிறோம். சபரிமலைக்கு மாலை போட்டவர் 'வெளியில் சாப்பிடுவதில்லை' என்கிறார், அவருக்குப் பழம் கொடுத்து அனுப்புகிறோம். சிவாகமங்களை எடுத்துக்கொண்டால், சிவனுக்கு நிவேதித்த நின்மாலியம் சண்டேசுரருக்கு உரியது, மற்றவர்கள் தொடக் கூடாது என்ற விதியே இருக்கிறது. எந்தப் படையலை யார் உண்ணலாம், யார் உண்ணக் கூடாது என்று நுட்பமாகப் பார்த்த மரபு நம்முடையது. இந்த மறுப்புகளெல்லாம் உங்களைக் காயப்படுத்தவில்லை, நண்பரின் மறுப்பு காயப்படுத்துகிறது. ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மறுத்ததைவிட, அவர் நம்மை விட்டுப் போய்விட்டார் என்ற வருத்தம் அடியில் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வருத்தம் நியாயமானது. அதை அவமதிப்பு என்று பெயர் மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சரி, உறுதியும் மதிப்பும் பற்றிய பெரிய கேள்விக்கு வருவோம். சமய ஆய்வில் இதை மூன்று நிலையாகப் பிரிப்பது வழக்கம். ஆலன் ரேஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு 1983-இல் எழுதியதிலிருந்து இந்தப் பிரிவு பரவலாகப் புழங்குகிறது. என் வழி மட்டுமே வழி என்பது ஒன்று. முழு உண்மை என்னிடம் உள்ளது, மற்றவற்றிலும் அதன் ஒளி ஓரளவு உண்டு என்பது இன்னொன்று. எல்லாம் சமமான வழிகள் என்பது மூன்றாவது. முதலாவது குறுகிய மனம், மூன்றாவது விரிந்த மனம், இரண்டாவது நடுவில் என்று பலர் வரிசைப்படுத்திவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. இவை ஒரு மனிதர் என்ன நம்புகிறார் என்பதைச் சொல்லும் பெயர்கள். அவர் பக்கத்து வீட்டுக்காரரை எப்படி நடத்துகிறார் என்பதை இவை சொல்லாது. முதல் நிலையில் நின்றுகொண்டு அண்டை வீட்டுப் பிணத்தைத் தூக்க முதல் ஆளாக வருபவரையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் சமம் என்று மேடையில் பேசிவிட்டு வேற்று மதத்தவருக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பவரையும் பார்த்திருக்கிறேன்.

என் சமயம் இதில் எங்கே நிற்கிறது என்பதை அருணந்தி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் ஒரு பாட்டு காட்டுகிறது. அதன் தொடக்கத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்." நீங்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக, திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற அந்த அம்மையப்பனே வருவான் என்கிறார். மேடைகளில் இந்த இடத்தில் கைதட்டு வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டு நிற்பதில்லை. மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினையும் செய்யும். அதெல்லாம் இல்லாத சிவனே உங்கள் வழிபாட்டை அறிந்து அருள் செய்கிறான் என்று தொடர்கிறது. முன்பாதியில் எல்லா வழிபாட்டையும் ஏற்கிறது, பின்பாதியில் தன் முடிவை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்கிறது. ஒரே பாட்டில் இரண்டும் இருக்கின்றன. இதை வகுப்பில் நடத்தும்போது பின்பாதியையும் சேர்த்தே படிக்கச் சொல்வேன். அதை விட்டுவிட்டால் நாம் நம்மைப் பற்றியே உண்மை பேசாதவர்கள் ஆகிறோம். உங்கள் நண்பரின் நம்பிக்கையில் உங்களுக்கு உறுத்துகிற அதே கூர்மை நம் நூலிலும் இருக்கிறது.

அதே சித்தியாரின் முதற்பகுதியான பரபக்கம் கடவுளை மறுக்கும் உலகாயதம் தொடங்கி வைணவ நெறியான பாஞ்சராத்திரம் வரை 14 கொள்கைகளை மறுக்கிறது. மறுக்கும் முறைதான் முக்கியம். முதலில் எதிராளியின் மதத்தை அவர் வாயிலிருந்து வருவது போல முழுமையாகச் சொல்கிறது. அதற்குப் பிறகே மறுதலை. எதிராளி கேட்டால், ஆமாம், நான் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும் என்பது அங்கே பின்பற்றப்படும் ஒழுக்கம். பிறர் நம்பிக்கைக்குத் திறந்திருப்பது என்றால் என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். உங்கள் நண்பர் ஏன் மதம் மாறினார், எதைக் கண்டார், எதை விட்டார் என்று அவர் ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் சொல்ல முடியுமா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரிடம் கேட்டதே இல்லையோ என்று நினைக்கிறேன். அதே போல, உங்களுக்கு மாரியம்மன் யார் என்று அவர் சொல்லிவிட முடியுமா? பழைய பழக்கத்தில் பாதி தெரிந்திருக்கும், சபையில் சொல்லிக்கொடுத்தது பாதி கலந்திருக்கும். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உறுதிக்கு நம் பகுதியிலேயே பெரிய சான்றுகள் உண்டு. காவிரிக் கரையில் கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயப் பதிகம் "மற்றுப் பற்றெனக்கு இன்றி நின் திருப்பாதமே மனம் பாவித்தேன்" என்று தொடங்குகிறது. வேறு பற்றே இல்லை என்பதைவிட உறுதியாக ஒருவர் என்ன சொல்ல முடியும்? அதே கொடுமுடிக் கோவில் வளாகத்தில் மகுடேசுவரரோடு வீரநாராயணப் பெருமாளும் இருக்கிறார், வன்னி மரத்தடியில் பிரமனும் இருக்கிறார். திருச்செங்கோட்டில் அடியார்களைக் காய்ச்சல் வருத்தியபோது சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது மரபு. இன்றும் உடம்பு சரியில்லாத வீடுகளில் அதைப் பாராயணம் செய்கிறோம். அந்தப் பதிகத்திலும் கடைசிக்கு முந்தைய பாட்டில் சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் சமணரையும் சாடுகிறார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கண்டனம் நம் திருமுறைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பாடிய கையோடு நாம் சமணரை எப்படி நடத்தினோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு நல்ல பதில் கிடக்கிறது. பெருந்துறைக்கு அருகில் சீனாபுரம் இருக்கிறதே, நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் அதுதான் என்று நம் பகுதியில் நம்புகிறோம். நன்னூலின் பாயிரம், அதாவது முன்னுரை, சொல்லும் சனகை என்ற ஊர் சீனாபுரமா, மைசூர்ப் பக்கமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பவணந்தி சமண முனிவர் என்பதில் ஐயமில்லை. அசோக மரத்து நிழலில் அமர்ந்த அருகனை வணங்கித்தான் எழுத்ததிகாரத்தைத் தொடங்குகிறார். இந்த நூலுக்கு விருத்தியுரை எழுதியவர் சங்கர நமச்சிவாயர், அதைத் திருத்திச் செப்பம் செய்தவர் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர். இருவரும் சைவர். சிவஞான முனிவர் லேசான சைவர் அல்லர். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியவர், கொள்கையில் இம்மி விட்டுக்கொடுக்காமல் கண்டன நூல்கள் எழுதியவர், நம் பேரூர்ப் புராணத்தைப் பாடிய கச்சியப்ப முனிவரின் ஆசிரியர். அவர் ஒரு சமணரின் இலக்கணத்தை எடுத்து, அதற்கு இவ்வளவு உழைத்து, தலைமுறை தலைமுறையாகச் சைவ மாணவர்கள் படிக்கும்படி செய்தார். விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய சமண நூலான பெருங்கதையை 1924-இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரும் திருநீறு பூசியவர்தான். அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சமண நூலை ஒரு சைவர் தொடலாமா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள்; சமணர்களிடமே போய் ஐயம் கேட்டுத்தான் அதை முடித்தார். இவர்கள் யாரும் சமணம் ஆகிவிடவில்லை, எல்லாம் ஒன்று என்று அறிவிக்கவும் இல்லை. விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோவில் இன்றும் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் 'மதம் மாறியவர்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது, மூன்றிலும் குற்றச்சாட்டின் சாயல் இருக்கிறது. நம் கோவில்களில் நால்வர் சன்னிதியில் நிற்கிற அப்பர் மதம் மாறியவர்தான். சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்து, சைவத்துக்கு வந்தவர். அவர் மனச்சாட்சிப்படி மாறினார் என்று நாம் கொண்டாடுகிறோம். அந்த உரிமையை நம்மிடமிருந்து வெளியே போகிறவருக்குத் தர மாட்டேன் என்றால், அப்பரைக் கும்பிடுவதில் ஏதோ குறைகிறது.

சொல்லாமல் விட முடியாத ஒன்று சாதி. உங்கள் நண்பர் எந்தச் சமூகம் என்று நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கப் போவதும் இல்லை. கோவில் நுழைவுக்குச் சென்னை மாகாணத்தில் 1947-லேயே சட்டம் வந்தும், நம் கொங்குப் பகுதியில் சில ஊர்களில் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் மாரியம்மன் கோவில் வாசலுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியிருந்ததை நான் அறிவேன். தேர் எந்தத் தெருவரை போகும், பொங்கல் பானையை யார் எங்கே வைக்கலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருக்கும். அப்படி வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பொங்கல் சோற்றில் வேறு ருசி இருக்கலாம். அவர் மறுப்பதற்கு வேத வசனத்தைக் காரணமாகச் சொன்னாலும் அடியில் ஒரு பழைய நினைவு கிடக்கலாம். எல்லாச் சாமியும் ஒன்று என்று சொல்கிற நாம் எல்லா மனிதரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தோமா என்ற கேள்வியை அவர் கேட்காமலே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இது உங்கள் நண்பருக்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தினால், இங்கே நான் எழுதிய மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

உறுதி ஆபத்தாக மாறுவதும் நடக்கிறது. கோவையில் 1997 நவம்பர் இறுதியில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டதை அடுத்து நடந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுகளில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு இது செய்தி இல்லை, உடம்பில் தங்கிய பயம். மத உறுதிதான் அதற்குக் காரணம் என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தொழுகையும் பூசையும் தலைமுறைகளாக அதே தெருக்களில் அருகருகே நடந்தவைதான். நம்பிக்கை வேறுபாடு அப்போதும் இருந்தது, கொலை இல்லை. பக்கத்துக் கடைக்காரரை அவர் செய்யாத ஒன்றுக்குப் பொறுப்பாக்கி, அவர் மதத்தை வைத்தே அவரை எடைபோடத் தொடங்கியபோது நிலைமை மாறியது. வன்முறைக்கு அரசியல், வியாபாரப் போட்டி, போலீஸ் நடத்தை என்று பல காரணங்கள் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் துறை போதாது.

ஆகவே, ஒருவரின் உறுதி எல்லை மீறுகிறதா என்று பார்க்க நான் அவர் நம்புவதை விட்டுவிட்டுச் செய்வதைப் பார்க்கிறேன். உங்கள் தெய்வத்தை உங்கள் முகத்துக்கு நேரே பழிக்கிறாரா? தன் மனைவி, வயதான தாய் தந்தை மேல் நம்பிக்கையைத் திணிக்கிறாரா? பட்டறையில் வேலை பார்க்கும் பையன்களிடம் சம்பளத்தையும் ஜெபத்தையும் சேர்த்துப் பேசுகிறாரா? இதில் எது நடந்தாலும் நீங்கள் கோபப்படலாம், நிறுத்தச் சொல்லலாம். நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு அவருக்கு நம்பவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொல்லியிருக்கிறது. இதே அளவுகோல் நமக்கும்தான். மாறியவர் வீட்டோடு பேச்சை நிறுத்துவது, ஊர்க்கட்டு போடுவது, அவர் கடைக்குப் போகாதே என்று சொல்லிவைப்பது எல்லாம் திணிப்பே. உங்கள் நண்பர் நீங்கள் எழுதிய வரை கைகூப்பி மறுத்தார், அவ்வளவுதான். நோம்பி அழைப்புக்கு வீடு தேடி வந்திருக்கிறார், வராமல் இருந்திருக்கலாம். நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னதில் எதை உறுதியாகச் சொல்கிறேன் என்று பிரித்துவிடுகிறேன். உறுதியான நம்பிக்கையும் பிறர் மேல் உண்மையான மதிப்பும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்: இது உறுதி, இருந்திருக்கிறார்கள். ஈரோட்டில் 1879-இல் பிறந்து கடவுளே இல்லை என்பதில் மலை போல நின்ற பெரியாரும், குன்றக்குடி மடத்தின் தலைவராக இருந்த அடிகளாரும் ஒருவரையொருவர் மதித்து ஒரே மேடையில் பேசியது நம் காலத்துக்குப் பக்கத்தில் நடந்தது. எல்லா வழிகளும் ஒரே இடத்துக்குப் போகின்றனவா என்பது ஆய்வால் தீர்கிற கேள்வி இல்லை. அதில் எனக்கு இருப்பது நம்பிக்கை. உங்கள் நண்பர் நாளாவட்டத்தில் இளகுவாரா என்பது அதைவிடச் சந்தேகம். புதிதாக ஒரு சமயத்துக்கு வந்தவர்கள் முதல் சில ஆண்டுகள் மிகக் கண்டிப்பாக இருந்து, பிறகு எது அடிப்படை, எது ஓரம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குவதை மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். கடைசிவரை மாறாதவர்களும் உண்டு. அவர் இளகுவார் என்ற எதிர்பார்ப்பில் நட்பை வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது இருக்கிறபடியே அவரோடு பழக முடியுமா என்று பாருங்கள்.

இனிப் பட்டறை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பேசாதீர்கள், நவராத்திரி தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். வேலை முடிந்து டீ குடிக்கிற நேரம் நல்லது. எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அவர் சொல்லட்டும். எதை விட முடியாது என்று நீங்களும் சொல்லுங்கள். பட்டறையைக் கழுவித் துடைத்து, மெஷினுக்கு எண்ணெய் போட்டு, வேலையாட்களுக்குப் போனஸ் கொடுப்பதில் அவருக்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன். அதை இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். சந்தனம், குங்குமம், தேங்காய், கற்பூரம் உங்கள் பொறுப்பு. அந்த அரை மணி நேரம் அவர் வெளியே நின்றாலும், தாமதமாக வந்தாலும், வேலையாட்கள் முன்னால் அதற்கு விளக்கம் கேட்காதீர்கள். அவர் கையாளும் லேத்துக்குப் பொட்டு வைக்கலாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அந்த மெஷின் ஓடத்தான் போகிறது. பொரி கடலையில் ஒரு பங்கைப் படைக்கும் முன்பே தனியாகக் கட்டி வையுங்கள், இது படைக்காததுங்க என்று சொல்லிக் கொடுங்கள். பட்டறையில் பூஜையே கூடாது என்று அவர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. வேலையாட்கள் பலருக்கு அது வருடத்தின் பெரிய நாள், அவர்களுக்கும் மனச்சாட்சி உண்டு என்று நேராகச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பட்டறை லீவு விட வேண்டும் என்று அவர் கேட்கலாம், கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. இத்தனைக்கும் பிறகு பிரிந்துதான் ஆக வேண்டும் என்று அவருக்கோ உங்களுக்கோ தோன்றினால், அதைச் சாமி பேச்சோடு கலக்காமல் ஆடிட்டரை வைத்துக் கணக்குப் பார்த்துப் பிரியுங்கள். கூட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதாமல் நடத்திக்கொண்டிருந்தால் அதை இப்போதே எழுதி வைப்பது இருவருக்கும் நல்லது.